பத்தாயத்தில் வைத்த ஸ்னூக்கர் கம்பு

என் கல்யாணத்துக்கு வந்த சீர்வரிசையில் ஒரு பொருள்கூட என்னை நாலு வருஷம் வேலை வாங்கியதில்லை. என் கணவர் துபாய்க்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஸ்னூக்கர் கம்பு வாங்கியது.

அவர் அதைக் கியூ என்பார். வீட்டில் மற்றவர்களுக்கு அது கம்பு. நாலே முக்கால் அடி நீளம், ஒரே துண்டு, ஆஷ் என்கிற வெளிநாட்டு மரம். பிடிக்கிற பக்கம் தடித்துக் கறுப்பாக இருக்கும். போகப்போக மெலிந்து, சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு பித்தளைப் பூணில் முடியும். பூணின் தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தோல். பந்தைத் தொடுவது அந்தத் தோல் மட்டும்தான். "இதால மாட்டக்கூட ஓட்ட முடியாது, முறிஞ்சிரும்" என்பது என் மாமனாரின் கருத்து.

என் கணவர் ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்தவர். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்துகொண்டிருந்த காலத்தில் தஞ்சாவூரில் ஒரு மாடியில் ஸ்னூக்கர் பார்லர் திறந்தார்கள். பச்சைத் துணி விரித்த ரெண்டு டேபிள், கம்பால் பந்தை இடித்துக் குழியில் தள்ளுகிற ஆட்டம். அங்கே ஏ.சி. மாட்டப் போனவர், மாட்டி முடித்த பிறகும் போய்க்கொண்டே இருந்தார். ஆறே மாதத்தில் மெட்ராஸிலிருந்து சொந்தக் கம்பு வரவழைத்துவிட்டார். நீடாமங்கலம் பஸ்ஸில் அதை மடிமேல் நிமிர்த்தி வைத்தால் கூரையில் இடிக்கும், படுக்க வைத்தால் நாலு பேர் காலில் இடிக்கும். "ஒங்களுக்கு டிக்கெட் போட்டாச்சு. இவரு ஒக்காருவாரா, நிப்பாரா?" என்று கண்டக்டர் தினமும் கேட்பார். இவருக்கு அதில் கொஞ்சமும் வெட்கம் கிடையாது. எனக்குத்தான் மானம் போகும்.

நீடாமங்கலம் பக்கத்தில் கிராமம் எங்களுக்கு. பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர் நிலம், ஓட்டு வீடு, தெருக்கோடியில் மாதா கோயில். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். வீட்டில் மாமாவும் நாங்கள் ரெண்டு பேரும்தான். நான் நீடாமங்கலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். உண்மையில் வெளிநாடு போக வேண்டியவள் நான்தான், எங்கள் சனத்தில் நர்ஸ்கள்தான் போவார்கள். ஆனால் விசா வந்தது ஏ.சி. மெக்கானிக்குக்கு.

"ரெண்டே வருஷம். வந்ததும் தஞ்சாவூர்ல ரெண்டு டேபிள் போட்டு நானே கடை வைக்கப் போறேன். அதுவரைக்கும் இத நீ பாத்துக்க" என்று கம்பை என் கையில் கொடுத்தார்.

"கூடவே எடுத்துட்டுப் போங்களேன்."

"கேம்ப்ல ஒரு ரூமுக்கு எட்டு பேரு. இதுக்கு எங்க எடம்?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கம்பு இங்கே இருந்தால் ஆள் இங்கே வந்துதானே ஆக வேண்டும்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நான் அப்படித்தான் நம்பினேன், அந்த நம்பிக்கையில்தான் அதைத் துடைத்தேன்.

அவர் எழுதிக் கொடுத்த பராமரிப்புத் தாள் ரெண்டு பக்கம். சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது, தன் கனத்திலேயே வளைந்துவிடும். பலகைமேல் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலேயிருந்து தொங்கவிட வேண்டும். வெயில் ஆகாது. அடுப்புச் சூடு ஆகாது. ஈரம் ஆகவே ஆகாது, இந்த வரிக்கு மட்டும் அடிக்கோடு. ஆற்றுப் பாசன ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு ஈரம் ஆகாது என்று எழுதுகிற ஆளை என்ன சொல்வது? ஐப்பசி மாதம் எங்கள் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்தால் பாதிக்குத் தண்ணீர்தான் இருக்கும்.

"பச்சப் புள்ளைக்குக்கூட இவ்வளவு பத்தியம் கெடையாதுங்க" என்றேன்.

"புள்ள அழுது சொல்லிரும். இது சொல்லாது" என்றார்.

நர்ஸ் என்பதால் எனக்குத் தாளில் எழுதியதை அப்படியே செய்யத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கம்பை இறக்குவேன். பிழிந்து பிழிந்து ஈரமே இல்லாமல் ஆக்கிய துணியால் ஒரு துடைப்பு. உடனே உலர்ந்த துணியால் உள்ளங்கை சுடுகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். ஆட்டத்தின்போது தோலுக்குப் பூசுகிற நீலச் சாக்பீஸ் பொடி மர ரேகைக்குள் இறங்கியிருந்தது. முதல் மாதம் முழுக்கத் துணி நீலமாகத்தான் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆளிவிதை எண்ணெய், ரெண்டே சொட்டு. தேய்த்து, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். நுனித் தோலில் எண்ணெய் பட்டால் போச்சு, பந்து வழுக்கும். அதனால் எண்ணெய் போடுகிற அன்றைக்கு நுனிக்குப் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி சுற்றிவிடுவேன். "புருசனுக்குத் தேச்சுவிட வேண்டிய எண்ணெயெல்லாம் கம்புக்குப் போவுது" என்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

அந்த எண்ணெய்க்காகக் கும்பகோணம் வரைக்கும் போனேன். ஹார்டுவேர் கடைக்காரர், "எத்தன லிட்டருங்க? கதவுக்கா, ஜன்னலுக்கா?" என்றார்.

"ஒரு கம்புக்குங்க. ரெண்டு சொட்டு போதும்."

அவர் என் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார். "கோயில் கம்புங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். விளக்கிச் சொல்லப் பொறுமையில்லாமல் ஆமாம் என்றேன். இருப்பதில் சின்ன புட்டியாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாகச் சோதனை. என் சீராக வந்த ஃபார்மிகா மேசையில் கம்பை உருட்டிவிட வேண்டும். நேராக இருந்தால் நுனி மேசையை ஒட்டியே உருளும். வளைந்திருந்தால் நுனி எழும்பி எழும்பி விழும். ஆஸ்பத்திரியில் வீணாய்ப் போன காய்ச்சல் சார்ட்டைக் கொண்டுவந்து, தேதி போட்டு, 'நேர்' என்று எழுதி வைப்பேன். நாலு வருஷத்துக்கும் 'நேர்'தான்.

ஆமாம், நாலு வருஷம். ரெண்டு வருஷம் முடிந்து நாற்பது நாள் லீவில் வந்தார். கம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "பரவால்லயே!" என்றார். இன்னும் ஒரு கான்ட்ராக்ட், அப்புறம் கடைதான் என்றார். நாற்பத்தோராம் நாள் போய்விட்டார்.

ரெண்டு ஞாயிறுக்கு ஒரு தடவை நீடாமங்கலம் போன் பூத்துக்கு அவர் பேசுவார். நானும் மாமாவும் போய்க் காத்திருப்போம். மாமா "நல்லாருக்கியா? சரி" என்று சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் தந்துவிடுவார், கையைச் சுட்டதுபோல. என்னிடம் என் கணவர் முதலில் கேட்பது, "கியூ நல்லாருக்கா?" ரெண்டாவது, "அப்பா நல்லாருக்காரா?" மூன்றாவது நான். எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு" என்பேன்.

நாலாம் வருஷம் ஆவணியில் தஞ்சாவூரில் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கிளம்பும்போது அறையில் தொங்கிக்கொண்டிருந்த கம்பைக் காட்டி, "மாமா, இதத் தொடாதீங்க. தொங்குறது அப்படியே தொங்கட்டும்" என்றேன்.

"நான் ஏம்மா அதத் தொடப் போறேன்?" என்றார்.

புரட்டாசியில் மழை பிடித்தது. எங்கள் ஓட்டில் நாலு இடத்தில் ஒழுகும், அந்த வருஷம் ஐந்தாவது இடம் சேர்ந்தது. அது கம்புக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. மாமா யோசித்திருக்கிறார். ஈரம் ஆகாது என்று மருமகள் ஆயிரம் தடவை சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பான இடம் பத்தாயம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற மரப் பெட்டி அது, உள்ளே இடுப்பளவுக்கு நெல். வீட்டுப் பட்டாவும், மாமியாரின் நகையும், பித்தளைக் குடமும் அந்த நெல்லுக்குள்தான் புதைந்திருந்தன. பழுக்க வைக்கிற வாழைத்தாரும் அங்கேதான். போன கிறிஸ்மஸுக்கு எடுத்த புது வேட்டியில் கம்பைச் சுற்றி, ஏணி போட்டு ஏறி, காய்ந்த பழைய நெல்லுக்குள் படுக்க வைத்து மூடிவிட்டார். அதுவரைக்கும் மாமா செய்தது சரி. இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வந்து குறுவை நெல் போட்டிருந்தோம். அறுக்கிற நேரத்தில் விடாத மழை. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று எல்லார் நெல்லையும் திருப்பிவிட்டார்கள். களத்தில் கிடந்தால் முளைத்துவிடும். என்ன செய்வார்? ஆளைக் கூப்பிட்டு ஈர நெல்லை எல்லாம் பத்தாயத்துக்குள் கொட்டச் சொல்லியிருக்கிறார், வெயில் வந்ததும் அள்ளிக் காயப்போடலாம் என்று. வெயில் வரப் பத்து நாள் ஆயிற்று, வந்ததும் மேலாக இருந்ததை மட்டும்தான் அள்ளினார்கள். ஈர நெல்லை மூடி வைத்தால் உள்ளுக்குள் புழுங்கிக் கொதிக்கும் என்பது நாற்பது வருஷம் விவசாயம் பார்த்த மனுஷனுக்குத் தெரியாதா? நெல்லைப் பற்றித் தெரியும். நெல்லுக்கு அடியில் கம்பு இருப்பதுதான் மறந்துபோயிற்று.

நான் ஏழு வாரம் கழித்து வந்து அறையைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது.

"மாமா, கம்பு எங்க?"

"பத்தாயத்துல இருக்கும்மா. பத்தரமா..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். 

ஏணி போட்டு நானே இறங்கினேன். அப்போதும் நெல்லில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றிமாதிரி சுட்டது. தோண்டி எடுத்தேன். வேட்டி பழுப்பாகி ஒட்டிக்கொண்டிருந்தது. பித்தளைப் பூண் பச்சை பிடித்திருந்தது. தோல் ஊறி உப்பி, தொட்டதும் கழன்று கையோடு வந்தது. மேசையில் வைத்து உருட்டினேன். நுனி எழும்பி எழும்பி டக் டக்கென்று அடித்தது. மாதாவே! நாலு வருஷம்! ஒரு ஞாயிறு விடாமல் துடைத்தேனே! நான் அன்றைக்குக் கத்தியதைத் தெருவே கேட்டது. "ஒங்ககிட்டத் தொடாதீங்கன்னுதானே சொன்னேன்! அது ஒண்ணுதானே சொன்னேன்!" என்று மாமனாரைப் பார்த்துக் கத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது அவரே நிமிர்த்திப் பார்த்திருக்கிறார். மூங்கிலை நிமிர்த்துவதுபோல வைக்கோல் அனலில் காட்டி, உத்தரத்தில் கட்டி, நுனியில் அம்மிக் குழவியைத் தொங்கவிட்டிருக்கிறார். முன்பு ஒரு வளைவு இருந்தது. இப்போது ரெண்டு.

அடுத்த ஞாயிறு போனில், "கியூ நல்லாருக்கா?" என்றார்.

"நல்லாருக்கு" என்றேன். 

அதற்கடுத்த போனில் கேள்வியே கேட்காமல் ஆரம்பித்தார். "அதிராம்பட்டினத்துக்காரர் ஒருத்தர் எங்க கம்பெனில இருக்காரு. லீவுல ஊருக்கு வர்றாரு. மார்கழில திரும்புறாரு. கியூவ நல்லா பேக் பண்ணி அவருகிட்ட குடுத்துவிடு. இங்க பக்கத்துலயே ஒரு கிளப்பு, டேபிள் இருக்கு."

 "எதுக்குங்க? நீங்கதான் தை மாசம் வந்துருவீங்களே?"

"கான்ட்ராக்ட்ட மூணு வருஷம் நீட்டிக்கிறாங்க. லீவுக்கு வந்துட்டுப் போவேன்."

"அப்ப கடை?"

"பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அந்த வார்த்தையைச் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கம்பைக் கேட்டு அனுப்புகிற மனுஷன் இனி வீட்டுக்கு வரப்போவதில்லை. எனக்கு இருந்த ஒரே பிடியும் போகிறது.

"கம்பு வளஞ்சுபோச்சு" என்றேன்.

"போன வாட்டி நல்லாருக்குன்ன?"

"போன வாட்டி பொய் சொன்னேன்."

"இல்ல. இப்பதான் பொய் சொல்ற. குடுத்துவிட மனசில்ல ஒனக்கு."

மனசில்லை என்பதும் நிஜம், வளைந்ததும் நிஜம். போனை வைத்துவிட்டு வெளியே வந்து, பூத் வாசலில் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ரயில்வே கேட் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப வரமாட்டானா?" என்று கேட்டார்.

"தெரியல மாமா" என்றேன்.

ரெண்டு வாரம் கழித்து மாமா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, முகம் மழித்துக்கொண்டு என்னோடு வந்தார். போன் வந்ததும், "நான் பேசுறேன்" என்று ரிசீவரை வாங்கினார். கடல் தாண்டிப் பேசுகிறோம் என்பதால் கத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். பூத்தில் வரிசையாக நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"டேய், அவ பொய் சொல்லல. கம்பு வளஞ்சுதான் போச்சு. நான்தான் ஈர நெல்லுல போட்டேன். அப்புறம் நிமித்துறேன்னு இன்னும் கெடுத்தேன். தப்பு என்னுது. திட்டணும்னா நேர்ல வந்து திட்டு. போன்ல திட்டெல்லாம் நான் வாங்க மாட்டேன்."

வைத்துவிட்டார். அந்த மனுஷன் எதையாவது தப்பு என்று ஒத்துக்கொண்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மார்கழி பிறந்தது. அதிராம்பட்டினத்துக்காரர் கம்பு வாங்க வரவே இல்லை. வர வேண்டாம் என்று இவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

தை கடைசியில் ஒரு மத்தியானம் என் கணவர் வந்து இறங்கினார். நாற்பது நாள் லீவு. பெட்டிகளை வாசலிலேயே போட்டுவிட்டு, ஷூகூடக் கழற்றாமல், "எங்க அது?" என்றார். மேசைமேல் கொண்டுவந்து வைத்தேன். உருட்டினார். டக் டக். இன்னொரு தடவை உருட்டினார். பிறகு அப்பாவைத் திட்ட ஆரம்பித்தார்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டு, சாமியார் பிரசங்கத்தைக் கேட்பதுபோலக் கேட்டார். ஈர நெல்லில் யாராவது மரத்தை வைப்பார்களா என்பதில் தொடங்கியது. அனலில் காட்டியதற்குத் தனியாகக் கொஞ்சம். அப்புறம் கம்பு போய் வேறு எதெதுவோ வந்தது. பந்து உருட்டுகிற பயல் என்று மாமா ஊரெல்லாம் சொன்னது வந்தது. தஞ்சாவூருக்கு ஒரு நாள்கூட வந்து மகன் ஆடியதைப் பார்க்காதது வந்தது. 

"நான் போறப்ப ஒரு வார்த்த சொன்னீங்களாப்பா? போவாதடான்னு ஒரு வார்த்த?"

"சொன்னா இருந்திருப்பியா?"

அவர் கம்பை மேசையில் மறுபடி உருட்டினார்.

"இப்ப சொல்றேன்டா" என்றார் மாமா. "திட்டி முடிச்சிட்டியா, இன்னும் பாக்கி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இருந்து திட்டு. நாப்பது நாள்ல முடிக்கணும்னு ஒண்ணும் அவசரமில்ல."

என் கணவர் என் பக்கம் திரும்பி, "நீ என்ன பேசாம நிக்கிற?" என்றார்.

 "நான் ஆரம்பிச்சா எனக்கும் நாப்பது நாள் பத்தாதுங்க. நாலு வருசமா எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னேன். கம்பு நல்லாருந்திச்சு. மாமா நல்லாருந்தாரு. நான் நல்லா இல்ல. ஒரு நாளுகூட நல்லா இல்ல. நீங்க கேட்டது மூணாவதா, அதனால நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

அவர் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

திரும்பி வரப்போவதில்லை என்று கம்பெனிக்குக் கடிதம் எழுத அவருக்குப் பதினொரு நாள் ஆயிற்று. எழுதி ஒட்டியதும், கடைத்தெருவுக்குப் போகும்போது தானே போட்டுவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு நீடாமங்கலம் தபாலாபீஸுக்கு நானே போனேன். பெட்டிக்குள் போட்டுவிட்டு, விழுந்துவிட்டதா என்று கையை விட்டுப் பார்த்தேன்.